அரங்குக்கு வெளியே ஒரு கடை

லண்டன் வெம்ப்ளியில் மதுபானம் விற்கும் கடைகள் பலவற்றின் உரிமப் பத்திரங்களில், வேறு ஊர்க் கடைகளில் காணக் கிடைக்காத சில வரிகள் இருக்கும். அங்குள்ள வெம்ப்ளி விளையாட்டு அரங்கில் நிகழ்ச்சி நடக்கும் நாளில் கண்ணாடிப் போத்தலில் விற்கக் கூடாது. ஒரு ஆளுக்கு நான்கு டின்னுக்கு மேல் பியர் கொடுக்கக் கூடாது. வழக்கறிஞரான என்னிடம் வந்த ஒரு கடைக்காரரின் பத்திரத்தில் இவற்றோடு இன்னொரு சொற்றொடரும் இருந்தது: "நிகழ்ச்சி தொடங்குவதற்கு நான்கு மணித்தியாலத்துக்கு முன்பிருந்து". ஒரு குடும்பத்தின் பிழைப்பு சில மாதங்கள் அந்த ஒரு சொற்றொடரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லப்போவதில்லை.

2021 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டி, இங்கிலாந்தும் இத்தாலியும். 1966-க்குப் பிறகு இங்கிலாந்து ஆண்கள் அணி ஒரு பெரிய போட்டியின் இறுதிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆட்டம் இரவு 8 மணிக்கு. கோவிட் கட்டுப்பாடுகளால் 90,000 இருக்கைகள் கொண்ட அரங்கில் முழுக் கூட்டத்தை விடவில்லை. நகரில் பெரிய திரை வைத்து ரசிகர்களைக் கூட்டி இருத்தும் இடங்களும் அன்று போதவில்லை. டிக்கெட் உள்ளவர், இல்லாதவர், சும்மா அந்த நாளில் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்தவர் எல்லோரும் காலையிலேயே வெம்ப்ளி பார்க் நிலையத்தில் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். மாலையில் டிக்கெட் இல்லாத ஏறக்குறைய 2,000 பேர் கதவுகளை உடைத்தும், மாற்றுத்திறனாளிகளுக்கான வாயில்களில் முண்டியடித்தும் உள்ளே போனார்கள். தண்ட உதையில் இங்கிலாந்து தோற்றது. மறுநாள் முழு நாடும் ஒரே கேள்வியைக் கேட்டது: இவ்வளவு சாராயம் எங்கிருந்து வந்தது?

அந்தக் கேள்வி கடைக்காரர்களின் கதவைத் தட்ட அதிக நாள் எடுக்கவில்லை.

என்னுடைய கட்சிக்காரர் வடமராட்சிக்காரர். எண்பதுகளின் கடைசியில் லண்டன் வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்து, பிறகு இந்தக் கடையை எடுத்தவர். பால், பாண், பேப்பர், கறிவேப்பிலை, மரவள்ளிக்கிழங்கு, ஒரு சுவர் முழுக்கக் குளிர்பெட்டியில் பியர். கடை வாசலில் நின்றால் அரங்கின் வளைவு தெரியும். 133 மீட்டர் உயரமும் 315 மீட்டர் அகலமும் கொண்ட அந்த வெள்ளை இரும்பு வளைவுதான் கூரையின் பெரும் பாரத்தைத் தாங்குகிறது. பொலிஸார் முதல் தடவை கடைக்கு வந்து கேள்வி கேட்டுப் போன அன்றே அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, லைசென்ஸைப் புடுங்கப் போறாங்கள் போல கிடக்கு."

"அண்ணை, அது பிறகு. முதல் கமராவில இருக்கிறதை எடுத்து வையுங்கோ. பழசை அழிச்சுக்கொண்டுதான் அது புதுசைப் பதியும்."

அவருடைய மூத்த மகள் அன்று இரவே அந்த நாளின் பதிவு முழுவதையும் பிரதி எடுத்துவிட்டாள். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரம்.

உரிமத்தை மறுபரிசீலனை செய்யுமாறு பொலிஸார் முறைப்படி விண்ணப்பித்தபோது அதில் மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன. தடை நேரத்துக்குள் கண்ணாடிப் போத்தலில் மதுபானம் விற்றது. வெறியில் இருந்தவர்களுக்கு விற்றது. காலை முழுவதும் பெட்டி பெட்டியாகப் பியர் விற்று வீதியில் நடந்த குழப்பத்துக்குத் தீனி போட்டது.

பதிவை முழுவதுமாகப் பார்த்தேன். அந்த நாளைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். ஒரு சின்னக் கடையின் கூரை மூலையில் இருந்து பார்த்தது வேறு. காலையில் வந்தவர்கள் நல்ல குணத்தோடு வந்தார்கள். அப்பனும் மகனும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. பாட்டு. மேசையில் காசு வைத்துவிட்டு மிச்சம் வேண்டாம் என்று போன ஒருவர். 24 டின் கொண்ட பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின. மதியம் தாண்டியதும் முகங்கள் மாறின. போன அதே ஆட்கள் திரும்பி வந்தார்கள், கண் சிவந்து, குரல் உயர்ந்து. ஒருவர் தள்ளாடிக்கொண்டு வர, மகள் தலையை ஆட்டி மறுக்கிறாள். அவர் இனிப்புக் கூடையைத் தூக்கி எறிகிறார். அவள் பின்வாங்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்த மறுப்புப் பதிவேட்டை எடுத்து நேரம் குறித்து எழுதுகிறாள். அதே பக்கத்தில் அவளுடைய கையெழுத்தில் இன்னும் பல மறுப்புகள் இருந்தன. இரண்டாவது குற்றச்சாட்டு அந்தப் பதிவேட்டின் முன் நிற்கவில்லை. பொலிஸ் தரப்பும் பதிவைப் பார்த்த பிறகு அதை நேர்மையாகக் கைவிட்டது.

முதல் குற்றச்சாட்டு உண்மை. மாலை ஐந்து மணிக்குப் பிறகு, சன நெரிசலுக்குள், அண்ணையே இரண்டு கால்போத்தல் வொட்காவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "பியரைத்தான் எண்ணிக்கொண்டு நிண்டனான் தம்பி. அது கண்ணாடி எண்டு மனதில படேல்லை" என்றார். உரிம நிபந்தனையை மீறுவது 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி ஒரு குற்றம். அதை மறைக்கவோ மழுப்பவோ கூடாது, ஒப்புக்கொண்டு தொடங்குவோம் என்று சொன்னேன். அவருக்கு அது கசந்தது. நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவிதான், "செய்ததைச் சொல்லுங்கோவன், அதில என்ன" என்று முடித்து வைத்தார்.

வழக்கின் உயிர் மூன்றாவதில் இருந்தது. ஆட்டம் 8 மணிக்கு. நான்கு மணித்தியாலம் முன் என்றால் மாலை 4 மணி. காலையில் பெட்டி பெட்டியாக விற்றபோது தடை தொடங்கவே இல்லை. சரியாக 4 மணிக்கு அவர் கையால் எழுதிய அறிவிப்பை ஒட்டுவதும், அதன்பின் நான்கு டின்னுக்கு மேல் ஒருவருக்கும் கொடுக்காததும் பதிவில் தெளிவாக இருந்தன. எழுத்தின்படி பார்த்தால், காலை விற்பனையில் ஒரு பிழையும் இல்லை.

எழுத்து மட்டும் போதாது என்பது உரிம வழக்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மறுபரிசீலனை ஒரு தண்டனை வழக்கு அல்ல. மூன்று கவுன்சிலர்கள் கொண்ட உபகுழு நான்கு நோக்கங்களைப் பார்க்கும்: குற்றமும் குழப்பமும் தடுக்கப்படுகின்றனவா, பொதுமக்களுக்குப் பாதுகாப்பா, தொல்லை தவிர்க்கப்படுகிறதா, பிள்ளைகளுக்குத் தீங்கு வராதா. நேற்று யார் குற்றவாளி என்பதை விட நாளை என்ன நடக்கும் என்பதே அங்கே பெரிய கேள்வி. நிபந்தனைகளை மாற்றலாம், மூன்று மாதம் வரை உரிமத்தை இடைநிறுத்தலாம், முழுதாக ரத்தும் செய்யலாம். பொலிஸ் தரப்பில் பேசியவர் இதைத்தான் பிடித்தார். அவர் பேசியதில் நியாயம் இருந்தது: நிபந்தனை மீறப்படவில்லை என்றால் நிபந்தனையே போதாது என்றுதானே அர்த்தம்?

ஆகவே நான் வாதத்தை அரங்கிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. அந்த நான்கு மணித்தியாலம் எந்த உலகத்துக்காக எழுதப்பட்டது? சனிக்கிழமை பின்னேரம் ஆட்டம், மதியம் ரயிலில் வந்து, பார்த்து, இருட்ட முன் திரும்பிப் போகும் கூட்டத்துக்கு. ஆனால் வெம்ப்ளி ஒருநாளும் வெறும் உதைபந்து மைதானமாக இருந்ததில்லை. 1923-இல் அதைக் கட்டியதே மறு வருடம் தொடங்கிய பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சிக்காக. இலங்கைக்கும் அதில் ஒரு மண்டபம் இருந்தது. கண்காட்சி முடிந்ததும் இடித்துத் தள்ள இருந்த அரங்கைக் காப்பாற்றி வைத்தது நாய் ஓட்டப் பந்தயம். 1966 உலகக் கிண்ணத்தின்போது அந்தப் பந்தயத்தைத் தள்ளி வைக்க முடியாது என்பதற்காக உருகுவே - பிரான்ஸ் ஆட்டத்தையே வைட் சிற்றி மைதானத்துக்கு மாற்றினார்கள். 1985-இல் லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி. 1988-இல் சிறையில் இருந்த மண்டேலாவின் 70-ஆவது பிறந்தநாள் இசை விழா. பழைய இரட்டைக் கோபுரங்களை இடித்துப் புதிய அரங்கை 2007-இல் திறந்த பிறகு இது இன்னும் கூடியது. 2015 நவம்பரில் இந்தியப் பிரதமர் மோடி பேசியபோது சுமார் 60,000 பேர் வந்தார்கள். அன்று பக்கத்து ஈலிங் வீதியில் சாராயம் அல்ல, சமோசாதான் தீர்ந்து போனது என்று அண்ணை சொல்லுவார்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒவ்வொரு கூட்டம், ஒவ்வொரு நேரம். பாட்டுக் கச்சேரிக்கு இளம் பிள்ளைகள் விடியவே வந்து வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் தொலைபேசிக்கு மின்னேற்றியும் வேண்டும். குத்துச்சண்டைக்கு வருகிறவர்கள் இரவில் வருவார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மணிக்கூட்டை மாட்டி வைத்த நிபந்தனை ஒருநாள் தோற்கும். தோற்ற அன்று கடைக்காரர் அதை எழுத்துப்படி கடைப்பிடித்துக்கொண்டிருந்தார் என்பதை அவருக்கு எதிரான சாட்சியாக எடுக்கலாமா? இதுதான் என் கேள்வி. 2008-இல் தானியல் துவைட்ஸ் என்ற மதுபான நிறுவனம் தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னதையும் வைத்தேன்: உரிமத்தில் கட்டுப்பாடு போடுவதானால் ஆதாரம் வேண்டும், நடந்துவிடுமோ என்ற பயம் மட்டும் போதாது.

இந்த அரங்கைக் கட்டியதைப் பற்றியே ஒரு பெரிய வழக்கு நடந்தது, வழக்கறிஞர்களுக்குத் தெரியும். பிரதான ஒப்பந்தக்காரருக்கும் இரும்பு வேலை செய்த நிறுவனத்துக்கும் இடையிலான அந்த வழக்கில் ஆவணங்களைப் பிரதி எடுத்த செலவு மட்டும் 10 லட்சம் பவுண் அளவில் வந்தது. எங்கள் வழக்கின் முழு ஆவணமும் ஒரு கோப்புக்குள் அடங்கியது. ஆனால் அந்தக் கோப்பைத் தயாரித்த இரவுகளில், அதில் இருந்த ஒவ்வொரு தாளும் ஒரு குடும்பத்தின் முப்பது வருட உழைப்பு என்று தெரிந்தே அடுக்கினேன்.

விசாரணை காணொளியில் நடந்தது. என் அலுவலகத்தில் அண்ணையும் அக்காவும் ஒரே கணினிக்கு முன் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். மகள் பின்னால் நின்றாள். பொலிஸ் தரப்பு முடித்து, நானும் முடித்த பிறகு, தலைமை வகித்த கவுன்சிலர் அண்ணையை நேராகக் கேட்டார்: காலையில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?

அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனாலும் அன்று மெல்லத்தான் பேசினார். மதியமே பயம் வந்தது என்றார். பெட்டி விற்பனையை நிறுத்தலாமா என்று யோசித்ததாகவும், நிறுத்தினால் கூட்டம் கடையை உடைக்குமோ என்று நினைத்ததாகவும் சொன்னார். யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று தெரியவில்லை என்றார். ஆறு மணிக்கு முன்பே அவர் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டியதைப் பதிவில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அந்த நாளின் மிகப் பெரிய வியாபாரம் அதற்குப் பிறகுதான் இருந்தது. ஏன் பூட்டினீர்கள் என்றார் தலைவர்.

"உள்ளே என் மகள் நின்றாள். வெளியே போகிற பிள்ளைகளும் யாரோ பெற்றவைதானே."

நான் ஒத்திகை பார்த்துக் கொடுத்த பதில் அல்ல அது.

தீர்ப்பு சில நாளில் எழுத்தில் வந்தது. ரத்து இல்லை. இடைநிறுத்தம் இல்லை. இரண்டு போத்தல் விற்றது கண்டிக்கப்பட்டது. நான்கு மணித்தியாலம் போய்விட்டது. இனி அரங்கில் பெரிய நிகழ்ச்சி உள்ள நாளில் கடை திறந்ததிலிருந்தே தடை. பெட்டி விற்பனை அறவே கிடையாது. மதுபானம் விற்கத் தனிப்பட்ட உரிமம் பெற்ற ஒருவர் எந்நேரமும் கடையில் நிற்க வேண்டும். முக்கியமான உதைபந்து நாட்களில் பதிவு பெற்ற காவலாளி ஒருவரை வாசலில் நிறுத்த வேண்டும், கடைக்காரர் செலவில்.

அண்ணைக்கு மற்றதெல்லாம் சம்மதம், காவலாளிதான் சம்மதமில்லை. "அவங்கட மச், அவங்கட டிக்கெட், அவங்கட காசு. கார்டுக்குச் சம்பளம் நானோ?" மேல்முறையீடு செய்ய 21 நாள் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் முழுதாக மறுபடி கேட்கும்தான். ஆனால் கீழே எடுத்த முடிவு பிழை என்று காட்டும் பாரம் மேல்முறையீடு செய்கிறவர் தலையில் என்பது 2011-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்து வைத்த விடயம். அந்தப் பாரத்தைத் தூக்கும் அளவுக்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. தோற்றால் மறுதரப்புச் செலவும் வந்து சேரலாம். அவர் இரண்டு நாள் யோசித்து, சரி என்றார்.

ஆனால் அவருடைய கேள்வி சரியான கேள்வி. அதை அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்த வருடம் டிசம்பரில் லூயிஸ் கேசி அம்மையாரின் அறிக்கை வெளிவந்தது. இறுதிப் போட்டி நாளில் என்ன நடந்தது என்று ஆராய உதைபந்துச் சங்கம் அவரை நியமித்திருந்தது. கூட்டமாகக் கதவுடைத்து நுழைந்த 17 சம்பவங்களை அவர் கணக்கிட்டிருந்தார். உயிர்ச்சேதம் நடக்காமல் போனது மயிரிழையில்தான் என்று எழுதியிருந்தார். காலையிலிருந்து ஓடிய மது, கூட்டம் போக இடமில்லாமல் போனது, எல்லாம் அதில் இருந்தன. என் கண் நின்ற இடம் ஸோன் எக்ஸ் பற்றிய பகுதி. அரங்கின் வெளி எல்லைக்கும் ரயில் நிலையங்களுக்கும் இடையில் உள்ள பொதுவெளிக்கு மைதானப் பாதுகாப்புத் துறையில் வழங்கும் பெயர் அது. அங்கே மக்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாக வேண்டும் என்று அறிக்கை கேட்டது.

அரங்குக்கு உள்ளே சட்டம் தெளிவு. 1971-இல் கிளாஸ்கோ ஐப்ரொக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் நெரிபட்டு இறந்த பிறகு, 1975-இல் விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989-இல் ஹில்ஸ்பரோ மைதானப் பேரழிவுக்குப் பிறகு அது இன்னும் இறுகியது. எத்தனை பேர், எந்த வாயில், எத்தனை உதவியாளர், எல்லாம் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும். வாயிலைத் தாண்டி வெளியே வந்ததும் அந்தத் தெளிவு கரைந்து போகிறது. அங்கே அரங்கு, பொலிஸ், கவுன்சில், போக்குவரத்து என்று பலருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொறுப்பு. அந்தப் பங்கீட்டில் சட்டம் மிக இலகுவாகப் பிடிக்கக்கூடிய ஆள் கடைக்காரர். அவருக்கு ஒரு உரிமப் பத்திரம் இருக்கிறது, அதில் ஒரு வரி சேர்த்தால் போதும். நிபந்தனைகள் தேவையற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. என் கட்சிக்காரருக்குக் கிடைத்த பெரும்பாலானவை நல்லவை. ஆனால் நாட்டின் அரங்கில் கூடும் கூட்டத்தைக் காக்கும் செலவு, அந்தக் கூட்டத்திடம் டிக்கெட் விற்றவர்களிடம் இருந்தே பெரும்பாலும் வர வேண்டும். ஒரு குடும்பக் கடை காவலாளிக்குக் கொடுக்கும் சம்பளம் அதற்கு மாற்று ஆகாது.

அடுத்த ஆண்டு ஜூலை 31. மகளிர் ஐரோப்பியக் கிண்ண இறுதி, இங்கிலாந்தும் ஜேர்மனியும், 87,192 பேர். புதிய நிபந்தனைகளோடு கடைக்கு வந்த பெரும் சோதனை அது. காவலாளி வாசலில் நின்றார். வந்ததோ தாய்மாரும் சிறுமிகளும்தான். குளிர்களியும் தண்ணீரும் சிறு கொடிகளும் விற்றுத் தீர்ந்தன. இங்கிலாந்து கூடுதல் நேரத்தில் வென்றது. காவலாளிக்கு நாள் முழுக்க வேலை இல்லை. மாலையில் அவரும் உள்ளே வந்து தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்த்ததாக அக்கா சொன்னார். கூட்டத்தின் தன்மையைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எழுதும் நிபந்தனை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்கு விசாரணையில் கிடைத்திருக்காது. அதை வைத்து உரிமத்தில் சிறு திருத்தம் கேட்டு விண்ணப்பித்தோம். காவலாளி தேவைப்படும் நாட்கள் எவை என்பதைப் பொலிஸாரோடு முன்கூட்டியே பேசித் தீர்மானிக்கலாம் என்று அது மாற்றப்பட்டது. பொலிஸார் எதிர்க்கவில்லை.

2024-இல் அண்ணை மறுபடி வந்தார், கையில் ஒரு அறிவித்தலோடு. அரங்கில் 51,000 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிகளுக்கு இருந்த வருடாந்த வரம்பை 46-இலிருந்து 54 ஆக்கும் விண்ணப்பம் அது. டெய்லர் ஸ்விஃப்ட் ஒருவரே அந்தக் கோடையில் எட்டு இரவுகள் பாடினார். எதிர்த்து எழுதச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இல்லைத் தம்பி. வரட்டும். சனம் வந்தால்தான் கடை. ஆனா நான் சொல்லுறதை அப்பிடியே எழுதும்."

எழுதினேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எந்த மாதிரிக் கூட்டம், எத்தனை மணியிலிருந்து எதிர்பார்க்கப்படுகிறது என்பதைச் சுற்றியுள்ள கடைகளுக்கு எழுத்தில் முன்கூட்டியே தர வேண்டும். வீதியில் கழிப்பறைகள் கூட வேண்டும். நிகழ்ச்சி நாளில் கடைக்காரர் நேரடியாக அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம் வேண்டும், அதை எடுத்துப் பேச ஒரு மனிதர் இருக்க வேண்டும். கடைசி வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். அந்த ஆகஸ்டில் வரம்பு 54 ஆகியது.

அந்தத் தொலைபேசி இலக்கத்தை இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த முறை பக்கத்துக் கடைக்காரர்கள் பலரும் சேர்ந்து கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த கடிதத்தை மகள்தான் எழுதுகிறாள்.